ஏட்டையாவின் விசில்

ஜூன் 14
சாரல் நன்றாக விழுகிறது. குற்றாலம் முழுக்க எண்ணெய் வாசனை. மெயினருவியில் ஏட்டையா முத்துராஜுக்கு டூட்டி. அதாவது என் வீட்டுக்காரருக்கு. இன்று விசிலை வாயில் வைத்ததும் இருமல் பிடித்துக்கொண்டு, ஊதவே முடியவில்லையாம். "ஏட்டையாவுக்கே விசில் அடைச்சுப் போச்சோ?" என்று சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. எத்தனை நாள்தான் இந்த இருமலோ.

ஜூன் 18
தென்காசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலில் கட்டி. புற்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். இதைச் சொல்ல ஒரு டாக்டரா? பீடி, சிகரெட் தொடாத மனுசன்! பாவூர்சத்திரத்தில் வாங்கிய கத்திரிக்காய் பையோடு கிடக்கிறது. எனக்கு இவர் வேணும். வேற ஒண்ணும் தெரியல.

ஜூன் 19
காலையில் வழக்கம்போல நல்லெண்ணெய்ச் சீசாவோடு புழக்கடைக்குப் போனார். தலைக்கு, தொப்புளுக்கு, கடைசியில் மூக்குக்கு. சளி அண்டாதாம். உறிஞ்சுகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

ஜூன் 23
எம்.ஆர்.ஐ. எடுக்க நெல்லைக்குப் போனோம். ஸ்கேன் டாக்டர் ஸ்ரீதேவி பொறுமையாக விளக்கினார். "உடம்புல தண்ணி எப்படி நகருதுன்னு பாக்கிற ஸ்கேன் இது. புத்துன்னா பெரும்பாலும் செல்லெல்லாம் நெருக்கியடிச்சு இருக்கும். தண்ணி நகர இடமிருக்காது."

"சீசன் ஞாயித்துக்கிழமை மெயினருவி மாதிரின்னு சொல்லுதிய."

"அதேதான் ஏட்டையா." டாக்டருக்குச் சிரிப்பு.

உள்ளே உலோகம் எதுவும் கூடாதாம். மோதிரம், அரைஞாண், சட்டைப்பையில் கிடந்த விசில் எல்லாம் என் கையில். மெஷின் தடதடவென்று அடித்தது. விசிலை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் தடம் விழுந்துவிட்டது.

ஜூன் 24
கூட்டமில்லை! கூட்டமில்லை!

"தண்ணி நல்லாவே நகருது. கட்டிக்குள்ள எண்ணெய் மாதிரி கொழுப்பும் தெரியுது" என்றார் டாக்டர். "மூக்குல எண்ணெய் விடுவீங்களா?"

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டெய்லி விடுதேன் மேடம். ஒரு சொட்டு வெளிய வராது. உள்ள இழுத்திருவேம்லா!"

அந்த எண்ணெய்தான் நுரையீரலில் இறங்கித் தேங்கி, கட்டி மாதிரி நிற்கிறது போல. ஆனாலும் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டாராம். நுரையீரலுக்குள் குழாய் விட்டு, கழுவின தண்ணியை எடுத்துப் பார்க்கவேண்டுமாம். பார்க்கட்டும். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன், பஸ் ஸ்டாண்டில் வைத்தே.

"ஏட்டி, ஆளுவ பாக்காவ!"

பாக்கட்டுமே.

ஜூலை 2
கழுவி எடுத்ததிலும் எண்ணெய்தான். புற்று இல்லை. கேரளா பார்டர் வரை போய்ப் பரோட்டாவும் கோழியும் தின்றோம். நான் அழுதுகொண்டே தின்றேன். காரம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 3
எண்ணெய்ச் சீசா பீரோவில். சாவி என் இடுப்பில்.

நவம்பர் 23
கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மீதியும் மெல்லக் கரையும் என்கிறார் டாக்டர்.

குற்றாலத்தில் ஐயப்ப சாமிகள் கூட்டம். நான் பெண்கள் பக்கம் அருவியில் நின்றேன். பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காத இரைச்சல். அதையும் மீறி ஒரு விசில், நீளமாக, நடுவில் இருமலே இல்லாமல். குளித்தது போதும், அடுத்த ஆளுக்கு வழி விடு என்று அர்த்தம். எல்லாரும் நகர்ந்தார்கள்.

நான் நகரவில்லை. இன்னொரு தடவை ஊதட்டும்.