அம்மன் கழுத்தில் இருக்கிற மெடல்

வெண்ணந்தூர் வழி,
தாது வருஷம், மாசி மாதம், 1937.

சிரஞ்சீவி அர்த்தநாரிக்கு அப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை பாவாயியும் மாரியாத்தாள் புண்ணியத்தில் கையும் காலுமாக நன்றாக இருக்கிறோம். அங்கே ஈப்போவில் உனக்கு அந்தக் காய்ச்சல் மறுபடி வந்ததா, ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிமாருக்கு ஒழுகாத வீடு கொடுத்தார்களா என்று மறக்காமல் எழுது. பாவாயிக்குத் தை மாதம் பெண் பிறந்தது, மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். சோளம் அறுத்துப் போர் போட்டாயிற்று, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, மயிலைக் காளைக்கு முன்னங்கால் வீங்கி வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறோம். உன் அம்மா கொள்ளு வறுத்துப் பொடி செய்து டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிற ஆள் யாராவது கிடைப்பானா என்று வருகிறவன் போகிறவனை எல்லாம் விசாரிக்கிறாள். செய்தி இவ்வளவுதான், இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

நான் மணியக்காரன் வெங்கடாசலத்தின் வேலையைப் போக்கிவிட்டேன் என்று பாவாயி புருஷன் உனக்கு எழுதினானாம், உடனே நீ எனக்குப் புத்தி சொல்லி எழுதியிருக்கிறாய். வயசான காலத்தில் பகை எதற்கு, ஒரு மெடலுக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடலாமா, அவர்தான் மன்னிப்புக் கேட்டாரே, விட்டுவிட்டிருக்கக் கூடாதா என்று. படிக்கும்போது நான் பல்லைக் கடித்ததில் மிச்சம் இருக்கிற பல்லும் ஆடிப்போயிற்று. உன்னை இங்கிலீஷ் படிக்க வைத்தது எனக்கே புத்தி சொல்லத்தான் போலிருக்கிறது, இருக்கட்டும். மாப்பிள்ளை எழுதினது பாதிக் கதை. முழுக் கதையையும் நான் எழுதுகிறேன், அதற்குப் பிறகு நீயே சொல்லு. அவனை அவர் என்று எழுத மட்டும் என் கை வராது, அதற்காக வருத்தப்படாதே.

நான் அந்தப் பெரிய சண்டையின்போது பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டினவன், இதை யாரிடமும் மறைத்தது கிடையாது. பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரையில் ஒரு மணல் மேட்டில் எங்கள் ஆட்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். முன்னால் தண்ணீர் கொண்டுபோன ஓட்டிகள் வழியிலேயே சுடப்பட்டு விழுந்து கிடந்தார்கள். நான் தோல்பைகளை ஏற்றிக்கொண்டு அதே வழியில் கழுதைகளை ஓட்டிக்கொண்டு போனேன், காலில் குண்டு பட்டது, தண்ணீரும் போய்ச் சேர்ந்தது. காப்டன் துரை ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை வந்து, உனக்கு மெடலுக்கு எழுதிவிட்டேன், அது உன் ஊருக்கே வரும் என்று சொன்னார். நான் அதைக் கடிதத்தில் எழுதினேன், என் ஆத்தா செல்லியம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். ஆனால் பெங்களூரில் கால் தேறி நான் வீடு வந்தபோது என் டிஸ்சார்ஜ் காகிதத்தில் மெடல்கள் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று கோடு கிழித்திருந்தது. மெடலுக்கு மஞ்சூர் உத்தரவு ஆவதற்கு முன்னாலேயே, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே எழுதி வைத்த காகிதம் அது என்று இப்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு எனக்கு யார் சொல்வார்கள்.

நம் ஊர்த் தபால் பையை அப்போதும் மணியக்காரன் வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழலில்தான் பிரிப்பார்கள். ஆத்தா தபால் வருகிற நாளெல்லாம் அங்கே போய் ஒதுங்கி நின்று, எம்பட பையனுக்குச் சர்க்காருல இருந்து ஏதாச்சும் வந்துதுங்களா சாமி என்று கேட்பாள். அவன் வெற்றிலையை மென்றபடி, உம்பட பையன் பஸ்ராவுல கழுதைக்குப் புல்லுப் போட்டவன் ஆத்தா, அவனுக்கு ராசா மெடலு குடுக்கறாராக்கும் என்பான், சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் மனு எழுதினேன். எங்கே எழுதினாலும் அது மேலே போய், கலெக்டர் ஆபீசு, தாலுகா ஆபீசு என்று படிப்படியாக இறங்கி, கிராமத்தில் விசாரித்து எழுதவும் என்று கடைசியில் அவன் கைக்கே வந்து சேரும். விசாரித்ததில் மனுதாரர் சொல்வது பொய் என்று அவனும் சலிக்காமல் எழுதி அனுப்புவான். ஊரில் எனக்குக் கழுதை மெடல் என்றே பேர் வைத்துவிட்டார்கள், நீ பள்ளிக்கூடத்தில் அந்தப் பேருக்காகச் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும். ஆத்தா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, நெசமாலுமே அந்தத் தொரை அப்புடிச் சொன்னாரா சாமி, இல்ல என்ர மனசு குளிரட்டும்னு நீ எழுதுனியா என்று கேட்டாள். நான் சத்தியம் பண்ணினேன். அவள் சரி சாமி என்றாள், ஆனால் நம்பவில்லை, அது அவள் முகத்தில் தெரிந்தது. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

இனி போன வைகாசிக்கு வருகிறேன். மாரியம்மன் நகைப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தரம், நோன்பித் திருவிழாவுக்கு முதல் நாள்தான் திறப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். முறை வைத்து ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் புளி போட்டு நகையைத் துலக்குவார்கள், போன வருஷம் நம் வீட்டு முறை. உன் அம்மா வெள்ளிக் காசுமாலையைத் துலக்கியிருக்கிறாள். ரூபாய்க் காசுகளுக்கு நடுவில் ராஜா தலை போட்டு ஒரு பெரிய காசு, அதை நீயும் சின்ன வயதில் கும்பிட்டிருக்கிறாய். அதன் விளிம்பில் அழுக்குப் போகத் தேய்த்தபோது ஏதோ பொடி எழுத்துகள் தெரிந்தனவாம். உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் தகரப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் என் பட்டாள நம்பர் இருக்கிறதே, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு அந்த நம்பர் வாசல் கோலம் மாதிரிப் பழகிப் போயிருந்தது. கையில் புளியோடு ஓடி வந்து, ஏனுங்க, உங்க பொட்டி மேல இருக்கறது சாமி கழுத்துல இருக்குதுங்க என்றாள்.

அப்போதே போய் வெங்கடாசலத்தின் துண்டைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் பொழுது விடிவதற்குள் அந்தக் காசு காணாமல் போயிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், நான் அப்படி இருக்கக்கூடியவன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் ஊரே கூடியிருந்தது. அம்மனுக்கு ஒவ்வொரு நகையாகச் சாத்தும்போது அது யார் போட்டது என்று உரக்கச் சொல்வது மணியக்காரன் வீட்டுப் பாத்தியதை அல்லவா. அவன் பெருமைக்காகப் புதுத் தாசில்தாரை வேறு அழைத்து வந்து பரிவட்டம் கட்டி முன்னால் நிறுத்தியிருந்தான். காசுமாலை வந்ததும், நடுக்காசு மணியக்காரர் வெங்கடாசலம் ஆண்பிள்ளை பிறந்ததற்குப் போட்டது என்று கூவினான். நான் முன்னால் போய்த் தாசில்தாரைக் கும்பிட்டு, அந்தக் காசின் விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எசமான் படித்துச் சொன்னால் போதும் என்றேன். அவர் பூசாரி சின்னண்ணன் கையில் இருந்த மாலையை வெயிலில் திருப்பிப் பார்த்து, என் நம்பரையும், டிரைவர் பச்சமுத்து என்பதையும், பட்டாளத்தின் பேரையும் ஊர் கேட்கப் படித்தார். படித்துவிட்டு, இது வீரத்துக்குக் கொடுக்கிற ஐ.டி.எஸ்.எம். மெடல் ஆயிற்றே, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். அர்த்தநாரி, வெங்கடாசலம் முகத்தில் ஈயாடவில்லை. நான் அந்த முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன், சோறு தண்ணீர் இல்லாமல் இன்னும் ஒரு நாள் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

அம்மனுக்குச் சாத்தினதை மனுஷன் எடுக்கக் கூடாது என்று சின்னண்ணன் சொன்னான், நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது காகிதத்தில் என் பேருக்கு எதிரே இருக்கிற அந்தக் கோடு அழிய வேண்டும், அழியாமல் காத்தவன் குனிய வேண்டும், அவ்வளவுதான். நடந்ததை எழுதிக் கொடு, நானே நேராக மேலே அனுப்புகிறேன் என்று தாசில்தார் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வெங்கடாசலம் நம் வீடு தேடி வந்தான், உன் அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாள், அதற்காக அவளிடம் ரெண்டு நாள் நான் பேசவில்லை. எம்பட ஊட்டுல வரிசையாப் பொட்டப் புள்ளைங்களே பொறந்துதுங்க, பையன் பொறந்தா அம்மனுக்கு வெள்ளி போடறேன்னு வேண்டிக்கிட்டனுங்க, அவன் பொறந்த வாரந்தானுங்க உங்க பொட்டலம் வந்துது, ஆஸ்பத்திரில நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு ஊருல பேசிக்கிட்டாங்க, கை துறுதுறுன்னுச்சுங்க என்றான். எனக்கு அவன் ங்க போட்டது அன்றைக்குத்தான். தட்டானிடம் கொடுத்து மெடலின் கொக்கியை வெட்டி வளையம் வைத்து மாலையில் கோத்துவிட்டானாம். தபாலில் தவறிவிட்டது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், உங்களுக்குப் புது மெடல் வரும், காகிதமும் திருந்தும், என் பையனுக்கு மணியம் தங்கும் என்று சொல்லி அழுதான். அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, நீ நினைக்கிற மாதிரி என் மனசும் கொஞ்சம் இளகினது. எனக்கு வயசாகிவிட்டது, அவனுக்கும் அப்படித்தான், ஒரே வார்த்தையில் முடிகிற காரியம். அப்போது ஒன்று மட்டும் கேட்டேன். உன் வாசலில் இல்லை என்று கேட்டுவிட்டு என் ஆத்தா நேராக எங்கே போவாள், தெரியுமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, கோயிலுக்குங்க என்றான். நோன்பி அன்றைக்கு நீ காசுமாலையைக் கூவும்போது அவள் அம்மனுக்கு எதிரே நின்று என்ன வேண்டிக்கொள்வாள், அது உன் காதில் விழுந்ததா என்றேன். மோர்ச் சொம்பைத் தள்ளி வைத்தான். பிறகு, உழுந்துதுங்க, பையன் மெடலக் கண்ணுல காட்டு தாயின்னு கேப்பாங்க என்றான். அர்த்தநாரி, அவள் கேட்டது அவள் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் கும்பிட்டாள். அது இவனுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு வருஷமும். எனக்குச் செய்ததை மட்டும் என்றால் உன் பேச்சைக் கேட்டு விட்டிருப்பேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது வெண்ணந்தூர்ச் சந்தையில் வயிறு நிறையப் பணியாரம் தின்றேன்.

அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், மணியம் அவன் பையனுக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. பையன் என்ன பாவம் செய்தான் என்று நீ கேட்பாய், என் ஆத்தா என்ன பாவம் செய்தாள் என்று நான் கேட்பேன், அதோடு நிறுத்திக்கொள்வோம். போன வாரம் பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கோட்டை அடித்துவிட்டு என் பேருக்கு எதிரே மெடலை ஏற்றிவிட்டார்களாம், இனிமேல் என் பேருக்குப் பின்னால் அந்த நாலு எழுத்தையும் போட்டுக்கொள்ளலாமாம், வேறு மெடல் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அது ஆத்தா கும்பிட்ட இடத்திலேயே இருக்கட்டும். இந்த வைகாசியிலிருந்து நடுக்காசு செல்லியம்மாள் போட்டது என்று சின்னண்ணன் கூவுவான், பேசி முடித்தாயிற்று. வெங்கடாசலம் எந்த மூலையில் நின்றாலும் காதில் விழுகிற மாதிரிக் கூவச் சொல்லியிருக்கிறேன்.

மழையில் நனையாதே, கண்ட தண்ணீரைக் குடிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உனக்குப் பெண் பார்க்கிற விஷயம் உன் அம்மா தனியாகச் சொல்லி எழுதச் சொல்வாள். மாரியாத்தாள் உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும், நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. கடிதம் எழுதும்போது உறையின்மேல் என் பேருக்குப் பின்னால் ஐ.டி.எஸ்.எம். என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தாக, நல்ல கறுப்பு மையில் எழுது. மணியம் போனாலும் வேப்பமரம் போகவில்லை, தபால்காரர் இன்றைக்கும் அவன் வாசல் நிழலில்தான் பையைப் பிரிக்கிறார், உறைகளை உரக்கப் படித்துத்தான் கொடுக்கிறார், அவனும் உள்ளே கட்டிலில்தான் படுத்திருக்கிறான். நீ நாலு மாதத்துக்கு ஒன்று எழுதுகிறாய், அது போதாது. மாதம் தவறாமல் எழுது. எழுத விஷயம் இல்லாவிட்டால் வெறும் காகிதத்தை மடித்துப் போட்டு அனுப்பு, உறைதான் முக்கியம். தபால் நாளில் நானே போய் ஆத்தா நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பன்,
பச்சமுத்து, ஐ.டி.எஸ்.எம்.