மதிலோரம் சாய்த்த கம்புகள்

கருங்கல்
8 பிப்ரவரி 2012

அன்பு மருமகள் ரேஷ்மிக்கு,

மாமி எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

உன் கம்பெனிக்காக நட்ட மரச்சீனியை நேற்றுப் பிடுங்கி, கிழங்கை லாரியில் ஏற்றியாயிற்று. ஊர் முழுக்கத் தேமல் நோயில் இலை சுருண்டு கிடக்க, உன் ஆய்வகத்தில் பிறந்த செடி மட்டும் பச்சையாக நின்றது. இந்த மாவிலிருந்து மண்ணில் மக்கிப்போகும் கடைப்பை செய்வீர்கள் என்று ஆலயத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஒரு குறையும் உண்டு: அவித்தால் கூழாகிறது. மீன்கறிக்கு ஆகாது.

அடுத்த நடவுக்கான கம்புகளை வழக்கம்போல மதிலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

உன் மாமி,
நேசபாய் ரசலையன்


கோயம்புத்தூர்
15 பிப்ரவரி 2012

அன்புள்ள மாமிக்கு,

கடிதத்தை உங்கள் மகன் வினோஜுக்கும் வாசித்துக் காட்டினேன். கூழ் என்ற இடத்தில் சிரித்துவிட்டார்.

மாமி, கம்புகளை வெளியே வைக்காதீர்கள். ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தியைப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் கம்புகளைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பத்து வருடம் பாடுபட்டு நான் உருவாக்கிய மரவள்ளி ரகம் இது. ஊரில் முதலில் நட்டவர் நீங்கள் என்பதால் எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான். வண்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரேஷ்மி


கருங்கல்
22 பிப்ரவரி 2012

அன்பு ரேஷ்மிக்கு,

வண்டி வந்தது. காலியாகத் திரும்பிப் போனது.

மதிலில் சாய்த்த கம்பு வேண்டியவர்களுக்கு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரச்சீனிக் கம்புக்கு இந்த ஊரில் யாரும் விலை வைத்ததில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணமணி வந்து நின்றான். தேமலில் அவனுக்கு ஒரு மூடு செடிகூடத் தேறவில்லை.

"யம்மா, உங்க மருமவளுக்க கம்புல ரெண்டு கெட்டு எடுக்கட்டா?"

"ரெண்டு என்னத்துக்குலே, நாலு எடு. ஆனா கறிக்கு ஆவாது, கேட்டியா?"

"நாக்குக்கு ஆவாட்டிப் போட்டு. சீக்கு வராதுல்லா?"

அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள்.

ஏழாவது பத்தியை நான் கையெழுத்துப் போடும் முன்பே வாசித்தேன். கன்னியாஸ்திரிகள் பிரம்போடு சொல்லித் தந்த ஆங்கிலம், மறக்காது. "இது இந்த ஊரில் நடக்காதே" என்று அன்றே உன்னிடம் கேட்டேன். "அது சும்மா ஒரு சடங்கு மாமி" என்றாய். நினைவிருக்கிறதா?

நேசபாய் ரசலையன்


கோயம்புத்தூர்
3 ஜூலை 2012

மாமிக்கு,

கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இலை பறித்து வந்திருக்கிறார்கள். மரபணுச் சோதனை செய்து, எங்கள் ரகம்தானா என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். மாமியார் வழியாக நானே ரகத்தை வெளியே விட்டேன் என்று பேசுகிறார்கள். இந்தச் செடியை இனி நான் தொடவே முடியாமல் போகலாம்.

மேலாளர் ஒரு வழி சொன்னார். கம்புகள் திருட்டுப் போயின என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். போலீசுக்குப் போக மாட்டார்கள். அந்தத் தோட்டங்களில் செடியை மட்டும் பிடுங்குவார்கள். ஒரே ஒரு வரி, மாமி. காலில் விழுந்து கேட்கிறேன்.

ரேஷ்மி


கருங்கல்
7 ஜூலை 2012

ரேஷ்மிக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டு, நான் கொடுத்து வாங்கிப் போனவனைக் கள்ளன் என்று எழுத என் கை வராது.

வேறு வரிகளை எழுதி உன் மேலாளருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்: "கம்புகளை நானே என் கையால் கொடுத்தேன். இன்னும் கேட்டால் இன்னும் கொடுப்பேன். விதையைப் பகிர்ந்துகொள்ள விவசாயிக்கு உரிமை உண்டென்று 2001-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போடுவதென்றால் என் மேல் போடவும். பெயரைப் பிழையில்லாமல் எழுதவும்."

உன் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். நோயைத் தாங்கும் செடியை உண்டாக்கினாய். நோய் விழுந்த தோட்டத்துக்கு அது போகக் கூடாது என்றால், எதற்காகப் பத்து வருடம் கண் கெடப் பாடுபட்டாய்? கம்பெனி பை செய்யட்டும், லாபம் பார்க்கட்டும். கிருஷ்ணமணியிடமும் கிழங்கு வாங்கட்டும். யார் வேண்டாம் என்றது?

சோதனையைச் செய். உள்ளதை எழுது.

நேசபாய் ரசலையன்


கோயம்புத்தூர்
25 ஜூலை 2012

அன்புள்ள மாமிக்கு,

இலைகள் எல்லாம் என் ரகம்தான். அப்படியே எழுதினேன். எப்படி வெளியே போயின என்ற கேள்விக்கு, "கொடுக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை விற்பனைப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 4, சனிக்கிழமை வருகிறேன். உரம் வாங்க வழியில்லாதவர் மண்ணில் என் செடி எப்படி நிற்கும் என்று நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ரேஷ்மி


கருங்கல்
28 ஜூலை 2012

மக்களே ரேஷ்மி,

வா. கம்பெனி ஜீப்பில் மட்டும் வராதே. பிடுங்க வந்தால் ஆளுக்கொரு செடியைக் கட்டிப் பிடித்து நிற்பது என்று இங்குள்ள பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று.

பொய் எழுதக் கேட்டாயே, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதை நேரில் சொல்லித் தீர்த்த பிறகுதான் உனக்குச் சோறு.

உன் மாமி,
நேசபாய் ரசலையன்