உன் பல்லின் நிறம்

மச்சான்,

இன்று மதியம் ஆய்வகத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை அறுத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய வைரத் தகடு சுற்றும், மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அப்படியும் ஒரு வாடை கிளம்பும். முடி பொசுங்குகிற வாடை. அது என் மூக்குக்குப் பழகி எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் இன்று அந்த வாடை எழுந்ததும் கை நின்றுவிட்டது. நீ முதல் தடவை அந்த அறைக்குள் தலையை நீட்டி, "இன்னா மச்சான், எவன் ஊட்டு முடி பொசுங்குது?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. இயந்திரத்தை அணைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எதையும் எனக்குள் வைத்துக்கொண்டு பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

பருத்திப்பட்டில் நாம் ஒரே தெரு. நீ ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினாய். நான் வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் டெக்னீஷியன். காலையில் கரையான்சாவடி வரை உன் பக்கத்து இடம் எனக்கு. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "அண்ணாத்தே, பின்னாடி போ, டாக்டர் வந்துட்டாரு" என்பாய். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் நீ கேட்டதில்லை. போகிற வழியெல்லாம் உன் சிரிப்புதான். வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும். வாய் முழுக்கத் திறந்து சிரிப்பாய், ஓரம் உதிர்ந்த மஞ்சளும் பழுப்புமான பற்கள் அத்தனையும் கண்ணாடியில் தெரியும். புதிதாக ஏறும் யாராவது முகத்தைச் சுளித்தால் நீயே திரும்பிச் சொல்வாய்: "பாக்கு இல்லம்மா, பரம்பரை."

அது உண்மைதான். உன் நைனாவுக்கும் அதே பல். அதற்கு ஒரு நீண்ட லத்தீன் பெயர் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். "மாத்திரை பேரு மாதிரி கீது" என்றாய். பல்லின் மேலே இருக்கும் எனாமல் முதலில் மிருதுவாகத்தான் உருவாகும், பிறகு அதிலிருக்கும் புரதம் வெளியேறி அந்த இடத்தில் தாது ஏறி இறுக வேண்டும், உன் பல்லில் அந்தப் புரதம் வெளியேறாமலே தங்கிவிட்டது என்று விளக்கினேன். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடும், அதனால் பிற்பாடு பழுதுபார்க்க ஆள் கிடையாது என்றும் சொன்னேன். நீ ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "மேஸ்திரி பாதி வேலையில ஓடிட்டான்னு சொல்லு" என்றாய். எங்கள் பேராசிரியர் இதை வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவார்.

உன் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து, ஜில் தண்ணீர் பட்டாலே துடித்தாயே, அதை எங்கள் கல்லூரியில்தான் பிடுங்கினார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டேன். எங்கள் ஆய்வே இந்த மாதிரிப் பல்லைப் பற்றியதுதான். உடைந்த பல்லை மூடப் பூசும் பூச்சுப் பசை சாதாரணப் பல்லில் நன்றாகப் பிடிக்கும், இதில் பிடிக்காது. தங்கிப்போன புரதத்தை முதலில் ஒரு திரவத்தால் கழுவி எடுத்துவிட்டு ஒட்டினால் நிற்குமா என்று பார்க்கிறோம். ஒட்டியதை அப்படியே சோதிக்கவும் மாட்டோம். ஐஸ் தண்ணீரிலும் சுடுதண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி, ஒரு வாய் படுகிற பாட்டையெல்லாம் படுத்திவிட்டு, அப்புறம்தான் எவ்வளவு அழுத்தினால் கழன்று விழுகிறது என்று பார்ப்போம். "டீயும் மோரும் மாத்தி மாத்தி ஊத்துறீங்க, அதுக்கு ஒரு வடை வாங்கிக் குட்த்தா இன்னா" என்று கேட்டாய். ஆய்வகமே சிரித்தது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நீ சிரிக்கவில்லை. "எனக்கு இன்னா மச்சான், ஓடித் தேஞ்ச வண்டி. பாப்பாக்குப் பால் பல்லே என் கலர்ல கீது. அதுக்குப் புதுப் பல்லு வர்றதுக்குள்ள எதனா கண்டுபுடிச்சிடுங்கடா" என்றாய். நான் உன் தோளைத் தட்டி, "வந்துடும்டா" என்றேன். ஊருக்குப் போகிறவனிடம் பஸ் வந்துவிடும் என்று சொல்வதைப் போலச் சொன்னேன். இப்போது சொல்கிறேன், பூச்சு ஒட்டுகிறது. கழுவி எடுத்த பல்லில் முன்னைக்குக் கொஞ்சம் நன்றாகவே ஒட்டுகிறது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் இன்னும் பாதி கழன்று விழுகிறது. டாக்டர்கள் பூசிவிடுகிறார்கள், உடைகிறது, திரும்பவும் பூசுகிறார்கள். வந்துவிடும் என்று நான் உன்னிடம் சொன்னது மட்டும் வரவில்லை.

போன வருட ஆடியில் நீ ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடா கேட்டாயாம். சோடா வருவதற்குள் போய்விட்டாய்.

இந்த ஆடியில் முதல் வருட நினைவு நாளுக்கு ஸ்டாண்டில் பேனர் வைக்க முடிவு செய்தார்கள். படமும் வாசகமும் என் பொறுப்பு. உன் மகள் மோனிஷாவின் பிறந்தநாளில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன், கன்னத்தில் கேக்கோடு நீ வாய்விட்டுச் சிரிக்கும் படம். ஆவடி மார்க்கெட் பக்கம் இருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர் அதைத் திரையில் பெரிதாக்கினார். உன் பல் முழுத் திரைக்கும் வந்து நின்றது. "அண்ணா, பல்லு ஒரு மாரி கீது, கிளீன் பண்ணிடவா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, மச்சான். "பண்ணிடு" என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் முதலில் போட்ட வெள்ளை நீலம் பாரித்துப் பளீரென்று இருந்தது. மனுஷப் பல் இப்படி இருக்காது, கொஞ்சம் பால் நிறம் கலக்குங்கள், விளிம்பில் லேசாகக் கண்ணாடி மாதிரி விடுங்கள் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். பல்லின் நிறம் பார்ப்பது என் தொழில். அந்தத் தொழிலை உன் வாய்க்குள் விட்டு, உதிர்ந்த ஓரங்களையெல்லாம் நேராக்கி, யாருக்கும் சந்தேகம் வராதபடி செய்து முடித்தேன். முடிந்ததும் எனக்கு அது பிடித்தும் இருந்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

பேனர் கட்டியதும் எல்லோருக்கும் சந்தோஷம். "ஹீரோ கணக்கா கீறாம்பா" என்றார்கள். உன் மனைவி செல்வி மோனிஷாவோடு வந்து, உன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குண்ணே" என்றாள். மோனிஷா மட்டும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். குழந்தைதானே, அப்பா ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்து புதிது முளைத்துவிட்டன. புதிதாக வருவது வெள்ளையாக இருக்கும் என்று செல்வி வேண்டாத சாமி இல்லை. உன் நிறத்திலேயே வந்தன. செல்வி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். உன் மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, எனக்கு அப்பா பல்லு வந்துடுச்சி" என்று குதித்தாளாம். வகுப்பில் யாராவது ஏன் இப்படி இருக்கிறது, பல் தேய்க்க மாட்டாயா என்று கேட்டால், எங்க அப்பாக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். அப்படித்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

பள்ளிக்கூடம் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. இதுகூட என் புத்திக்கு எட்டவில்லை.

பேனர் கட்டி ஒரு வாரம் ஆனதும் செல்வி போன் செய்தாள். "பாப்பா சரியா சாப்டவே மாட்டேங்குதுண்ணே, ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அடம் புடிக்கிது. இன்னான்னு கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குது. நீ வந்து கேளேன்." போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலது கையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். உன் வீட்டில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் வாயை மூடிச் சிரிக்கத் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினாள்.

"கிளாஸ்ல என்னைப் பொய்க்காரின்னு கூப்புடுறாங்க மாமா."

"ஏன்டா?"

"எங்க அப்பாக்கும் இதே பல்லுன்னு நான் சொல்லிகினு இருந்தேன். பேனர்ல உங்கப்பா பல்லு வெள்ளையா கீது, நீ பல்லு தேய்க்காம பொய் சொல்றேன்னு சொல்றாங்க."

பிறகு கேட்டாள்: "அப்பா பல்ல யாரு மாமா மாத்துனது?"

கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "நான்தான்டா சொன்னேன்" என்றேன்.

"அப்பாக்கு அசிங்கமா இருந்திச்சா?"

"உங்கப்பாவுக்கு ஒரு நாளும் இல்லடா. எனக்குத்தான் அசிங்கமா இருந்திச்சி."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த அத்தனை வருடமும், புது ஆள் ஏறி உன்னைப் பார்க்கும்போதெல்லாம், நான் மட்டும் சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொள்வேன். நீ "பரம்பரை" என்று சொல்லிச் சிரித்து முடித்த பிறகுதான் திரும்புவேன். நீ அதைக் கவனித்திருப்பாய். ஒரு வார்த்தை கேட்டதில்லை. மோனிஷா கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செல்வி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "நானும்தாண்ணே அதப் பாத்து சந்தோசப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் செல்வி அவளை எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள்; நான் அதே கடைக்குப் போய், அதே படத்தை, கை வைக்காமல் அப்படியே அச்சடிக்கச் சொன்னேன். டிசைனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஸ்டாண்டில் ஏணி போட்டுப் பழையதை இறக்கிப் புதியதைக் கட்டினோம். வண்டிக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நீ மேலே வாய் நிறையப் பழுப்பாகச் சிரித்தாய். அப்புறம் உனக்கு அடுத்த வண்டி ஓட்டுவாரே, அவர்தான், "இப்பதாம்பா நம்ம ஆளு மாதிரி கீறான்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அது எவன் வேலை?" என்று இன்னொருவர் கேட்டார். நான் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

பள்ளிக்கூட மணி அடித்தது. மோனிஷா தன் வகுப்புப் பெண் ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். பின்னாலேயே நாலைந்து பிள்ளைகள். பேனருக்குக் கீழே அந்தப் பெண்ணை நிறுத்தி, உன்னைக் காட்டினாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்து, ஈறு தெரிய உதட்டை விரித்துத் தன் பல்லைக் காட்டினாள். "பாத்துக்கோ" என்றாள். அந்தப் பெண் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தது. பொய் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப முன்னாடி மட்டும் ஏன் வெள்ளையா இருந்திச்சி?" என்று அது கேட்டது.

வண்டிக்காரர்களும் மோனிஷாவைப் பார்த்தார்கள். அவள் ஏணியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். எல்லோர் முகமும் என் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது, திறந்த வாயை மூடிக்கொண்டு முடிச்சை மறுபடி இறுக்கினேன். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ தெரியாது.

"கடையில தப்பா போட்டாங்க" என்றாள்.

எல்லோரும் நம்பினார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவரவர் வண்டிக்குப் போனார்கள். பிள்ளைகளும் கலைந்து போய்விட்டார்கள். நான் ஏணியிலேயே நின்றிருந்தேன்.

மச்சான், உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், வாயைத் திறந்தே சிரிக்கிறாள் என்று செல்வி சொல்கிறாள். உனக்கு நான் எழுத விரும்பியது அதை மட்டும்தான். ஆனால் ஒரு வாரமாகப் பொய்க்காரி என்ற பேரைச் சுமந்த பிள்ளை, அந்தப் பேர் போன நிமிடமே, எனக்காக ஒரு பொய் சொன்னாள். ஸ்டாண்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். உன் இடத்தில் இப்போது வேறொருவர் வண்டி ஓட்டுகிறார், பக்கத்து சீட்டை எனக்கே விடுகிறார். அந்த வெள்ளைப் பல் என் வேலை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.