இறக்கத்தில் பிரேக் பிடித்தவன்

சுகர் லேண்ட்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள பசீர் பாய்,

நலம். நீங்களும் முனவ்வரா தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஃபோனில் கதைத்தால் திரேசா காதில் விழும். ஈமெயில் மகன் பிரணவன் போட்டுத் தந்தது, வீட்டுக்கு வந்தால் என் கம்ப்யூட்டரில்தான் உட்காருவான். நல்லவேளையாக நம் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது.

போன வாரம் அவன் இங்கே இருந்தான். செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கும்போது பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, ஒவ்வொரு படியாக இறங்கினான். நான்கு நான்கு படியாகக் குதித்து இறங்கியதற்கு என்னிடம் ஏச்சு வாங்கிய பிள்ளை அவன். இருபத்தாறு வருஷமாக எண்ணெய் ஆலையில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன், மற்றவர்கள் மறைப்பதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். கராஜில் வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு சொன்னான்.

மார்ச்சில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதே, அதிலிருந்து களைப்பு ஏறினால் அவனுக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறதாம். சில விநாடிதானாம், பிறகு சரியாகிவிடுமாம். டீம் டாக்டரிடம் நன்றாகத் தூங்கி எழுந்து போய் எல்லா டெஸ்டும் பாஸ் பண்ணிவிட்டான். "ப்ளீஸ் அப்பா, டோன்ட் டெல் எனிபடி. தே வோன்ட் சைன் மி அகெய்ன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வயதுக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்ததில்லை.

அக்டோபர் 12 கலிபோர்னியாவில் கோஸ்ட் கிளாசிக் சைக்கிள் ரேஸ். உங்கள் ஆதிஃபும் ஓடுகிறான். கடைசி ஏற்றத்துக்குப் பிறகு பதினோரு கிலோமீட்டர் இறக்கம், இரண்டு பக்கமும் ரெட்வுட் மரம். பனிமூட்டம் இலையிலிருந்து சொட்டி ரோடு காய்வதே இல்லை. வீடியோவில் ஒவ்வொரு வளைவாகக் காட்டினான். அந்த மேட்டு உச்சியில் இவன் தனியாகப் பிய்த்துக்கொண்டு போக வேண்டுமாம். ஜெயிப்பதற்காகக்கூட இல்லை, பாய். இவன் போனால் மற்ற டீம்கள் எதிர்க்காற்றில் துரத்திக் களைக்கும். இவர்களுடைய லீடர் பின்னால் காற்றுப் படாமல் சொகுசாக வந்து, கடற்கரை ரோட்டில் கடைசியாக ஜெயிப்பான். என் பிள்ளை தூண்டிலில் குத்திய புழு. ஏறிக் களைத்து, ஒரு ரோடு இரண்டாகத் தெரியும் நேரத்தில், மணிக்கு எண்பது கிலோமீட்டரில் அந்த ஈர ரோட்டில் இறங்குவான்.

கேட்கவே நாக்கூசுகிறது. ஆதிஃபிடம் சொல்லுங்கள். உச்சியில் பிரணவனின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும். எதிர் டீமின் லீடரான அவனே ஒட்டிக்கொண்டால் திட்டம் பலிக்காது, காதில் மாட்டிய ரேடியோவில் இவனை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். என் மகனைத் தோற்கடிக்கச் சொல்லுங்கள் பாய். இதைக் கேட்க எனக்கு உங்களைவிட்டால் யாருமில்லை.

உங்கள் அன்புள்ள,
வரதராஜா

*

ஆலன்
3 அக்டோபர் 2025, வெள்ளி

அன்புள்ள வரதண்ணே,

இறைவன் அருளால் நலம். கடிதம் கடைக்கு வந்தது. கிச்சன் மேடைக்குக் கல் பார்க்க வந்த அம்மாவைக் காக்க வைத்துவிட்டு, கிரானைட் பலகைகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். திரும்பி வந்தபோது, "ஆர் யூ ஓகே?" என்று அந்த அம்மா கேட்டார். அப்படி இருந்தது என் மூஞ்சி.

உங்கள் பயம் எனக்குப் புதிதா? ஜூனியர் ரேஸ் நாட்களில் காலை ஆறு மணிக்கே வந்து, வளைவில் இருக்கும் விளக்குக் கம்பத்துக்கெல்லாம் வைக்கோல் கட்டு சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று உதைத்துப் பார்த்த ஆள் நீங்கள். வைக்கோல் வரதர் என்று உங்களுக்குப் பெயர் வைத்ததே நான்தான். பிள்ளைகள் இரண்டும் ஒரு சக்கர வித்தியாசத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தபோதும், பார்க்கிங்கில் ஒரே ஃபிளாஸ்கில் காபி குடித்தவர்கள் நாம். அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பிள்ளைக்கு ரோடு இரண்டாகத் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் என் பிள்ளையைப் போகச் சொல்கிறீர்கள். எழுதும்போது இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? பிரணவன் விழுந்தால் முதலில் அவன்மேல் போய் விழுவது யார்? நேற்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. உங்கள் பயத்தைத் தபாலில் பாதி எனக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஆதிஃபை இந்த வருஷம்தான் முதல்முறையாக லீடராக நிறுத்தியிருக்கிறார்கள். எதிர் டீமின் திட்டத்தை அப்பன் மூலம் தெரிந்துகொண்டு ஓடினான் என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் அவன் எப்படித் தலைநிமிர்வான்?

டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கள் அண்ணே. ஒரே ஃபோன். பிரணவன் நிற்க வேண்டும், ஆனால் நிறுத்திய கை உங்களுடையது என்று தெரியக்கூடாது, அதுதானே உங்கள் கணக்கு? நான் ஆதிஃபிடம் சொல்லப்போவதில்லை.

முனவ்வரா அண்ணிக்கு சலாம் சொல்லச் சொன்னாள். விஷயம் அவளுக்குத் தெரியாது.

அன்புடன்,
பசீர் அகமது

*

சுகர் லேண்ட்
8 அக்டோபர் 2025, புதன்

அன்புள்ள பசீர் பாய்,

உங்கள் கடிதம் சுட்டது. சுட வேண்டியதுதான். ஆதிஃபும் ஒரு பிள்ளை என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் உண்மை. வெட்கமாக இருக்கிறது.

டீம் டாக்டரின் நம்பர் வெப்சைட்டிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் இருந்து இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். வால்வில் கொஞ்சம் வாயு கசிந்ததற்கு ஒரு யூனிட்டையே மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். மேலதிகாரி முகத்துக்கு நேரே சத்தம் போட்டபோதும் பேனா நடுங்கவில்லை. சொந்தப் பிள்ளையிடம் வரும்போது கை வரவில்லை. அவன் ஒன்பது வயதிலிருந்து வேறெதையும் கேட்டதில்லை, பாய். நான் அதைப் பறித்தேன் என்று தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டான். அவன் விழுந்துவிடுவானோ என்று ஒரு பயம். என்னை வெறுத்துவிடுவானோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று ஒரு தகப்பன் யோசித்துக்கொண்டிருப்பதே அசிங்கம்தான், ஆனால் யோசிக்கிறேன்.

திரேசா நேற்றுக் கேட்டாள், "என்னப்பா, மூண்டு நாளாச் சாப்பாட்டை அளைஞ்சு போட்டு எழும்புறீங்கள். உடம்புக்கு ஏதும் செய்யுதே?" என்று. ஆபீசில் ஆடிட் என்று பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள், கட்லட் செய்யப்போகிறாளாம்.

கலிபோர்னியாவில் வெள்ளியும் சனியும் தூறல் என்று போட்டிருக்கிறது. மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன். பார்த்தால் மாறிவிடுமா?

நான் கேட்டதை மறந்துவிடுங்கள். கேட்டிருக்கவே கூடாது. ஆதிஃப் தன் ஓட்டத்தை ஓடட்டும், அவன் ஜெயித்தால் நான் சந்தோஷப்படுவேன். எனக்காக ஒரு துஆ மட்டும் செய்யுங்கள்.

வரதராஜா

*

ஆலன்
14 அக்டோபர் 2025, செவ்வாய்

வரதண்ணே,

இரண்டு பிள்ளைகளும் முழுசாக இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிவி காட்டாததை நான் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. படித்துவிட்டு ஆதிஃபுக்கு ஹோட்டலுக்கு ஃபோன் பண்ணினேன். திட்டத்தைச் சொல்லவில்லை. பிரணவனுக்குக் கண் சரியில்லை, இறக்கத்தில் அவன் உன் முன்னால் இருந்தால் ஒட்டாதே, தள்ளியே இரு என்று மட்டும் சொன்னேன். என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் சொன்னேன், அண்ணே. உங்கள் பிள்ளையை நினைத்து அல்ல. உங்களுக்குப் புத்தி சொன்ன நானும் அந்த லட்சணம்தான். அவன் "வாப்பா, டஸ் ஹிஸ் டீம் நோ?" என்று கேட்டான். அவர்களுக்குத் தெரியாது என்றேன். "ஓகே" என்று வைத்துவிட்டான்.

உச்சியில் பிரணவன் கிளம்பினான். தள்ளியிரு என்றேனே, ஆதிஃப் ஒரே பாய்ச்சலில் அவனைப் பிடித்தான். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். முதல் வளைவுக்கு முன்னால் இவன் அவனையும் தாண்டி முன்னே போனான். போனவன் பிரேக் பிடித்தான். ரோடு ஒடுக்கம், பிரணவனால் தாண்ட முடியவில்லை. பின்னால் இருந்து கத்தியதும் கையை ஆட்டியதும் ஹெலிகாப்டர் கேமராவில் தெரிந்தது. பதினோரு கிலோமீட்டரும் இவன் நடுரோட்டை விடாமல், சந்தைக்குக் காய் வாங்கப் போகிறவன் மாதிரி இறங்கினான். "ஏங்க, புள்ள ஏன் இப்படி உருட்டுறான்? சைக்கிள்ல ஏதும் கோளாறா?" என்று முனவ்வரா கேட்டுக்கொண்டே இருந்தாள். அடிவாரத்தில் கூட்டம் மொத்தமும் வந்து இருவரையும் விழுங்கிவிட்டது. அப்புறம் யார் ஜெயித்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

டீம் பஸ்ஸில் ஆதிஃபின் டைரக்டர் எல்லார் முன்னாலும் கேட்டாராம், கையில் இருந்த ரேஸை ஏன் விட்டாய், ஏன் பிரேக் பிடித்தாய் என்று. "ஐ காட் ஸ்கேர்ட்" என்று சொல்லியிருக்கிறான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று மெயில் வந்துவிட்டது, அடுத்த வருஷம் இடமில்லை என்று. அந்த இறக்கத்தின் வீடியோவை வெட்டி, பாட்டுப் போட்டு, பயந்தாங்கொள்ளி லீடர் என்று ஊரெல்லாம் பரப்புகிறார்கள்.

என் பிள்ளை பயப்படவில்லை, வரதண்ணே. பயந்தது நீங்களும் நானும்.

பிரணவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்கிறான். தன் கண்ணைப் பற்றி அவனே டாக்டரிடம் சொல்லட்டும், யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்கிறான். அவன் சொன்னதை எழுதிவிட்டேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதீர்கள்.

பசீர்

*

சுகர் லேண்ட்
30 அக்டோபர் 2025, வியாழன்

அன்புள்ள பசீர் பாய்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள். பதில் போட வேண்டாம்.

போன சனிக்கிழமை பிரணவன் வந்திருந்தான். திரேசா நாலைந்து குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீடியோவை டிவியில் போட்டான். "லுக் அட் ஹிம், ஹி'ஸ் டெரிஃபைட்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "பாவம், அந்தப் பொடியன் சின்னனிலே இப்பிடிப் பயந்தவன் இல்லையே" என்று திரேசாவும் சிரித்தாள். ஆதிஃபின் முதுகு திரை முழுக்கத் தெரிந்தது. வளைவுக்கு வளைவு அவன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறான், பாய். என் பிள்ளை பின்னால் இருக்கிறானா என்று பார்க்கிறான். அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

ஆதிஃப் கேட்டுக்கொண்டதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. டிவியை நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மாடிப்படியில் பார்த்தது, கராஜில் கேட்டது, உங்களுக்கு எழுதியது, டாக்டருக்கு அடித்து அடித்து வைத்தது, எல்லாம். கொஞ்சம் இங்கிலீஷில், கொஞ்சம் தமிழில். "இவ்வளவும் என்னட்டைச் சொல்லாமலே இருந்தனீங்கள்?" என்று மட்டும் திரேசா கேட்டாள்.

பிரணவன் வெளியே டிரைவ்வேக்குப் போனான். அரை மணி நேரம் யாருடனோ ஃபோனில் பேசினான். யாருடன் என்று ஆதிஃப் உங்களிடம் சொல்லியிருப்பான். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. "யூ ஷுட் ஹாவ் கால்ட் த டாக்டர், அப்பா. நாட் அங்கிள்" என்றான். நீங்கள் சொன்ன அதே வார்த்தை. மாடிக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, தலையைச் சரித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். நான் கீழே நின்றேன். கையை நீட்டத் துணிவு வரவில்லை. ஏர்போர்ட்டுக்கு ஊபரில் போனான்.

திங்கட்கிழமை திரேசாவுக்கு மெசேஜ் வந்தது, டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டானாம். வசந்தம்வரை சைக்கிளில் ஏறக்கூடாதாம், கண்ணுக்குச் சிகிச்சை ஆரம்பிக்கிறார்களாம். எனக்கு மெசேஜ் இல்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், என்னோடு பேசுவதில்லை. எதற்குப் பயந்து உங்களை இழுத்தேனோ, அது நடந்துவிட்டது. நடந்த பிறகும் உட்கார்ந்து காபி குடிக்க முடிகிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இரண்டு நாளாக ஒரு கடிதம் எழுதினேன், இங்கிலீஷில், ஆதிஃபின் டைரக்டருக்கு. என் மகனின் கண், என் கோழைத்தனம், உங்கள் மகன் முன்னால் போய் நின்றது, ஒன்றையும் விடவில்லை. மகனின் கண்ணைப் பற்றி எழுதியிருப்பதால் அனுப்பலாமா என்று பிரணவனிடமே மெசேஜில் கேட்டேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது. "சென்ட்." உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் பாரத்தை உங்கள் தலையில் வைத்ததாகிவிடும்.

நேற்று ஆபீஸ் போகும் வழியில் தபாலில் போட்டேன். அவர்கள் ஆதிஃபைத் திரும்ப எடுப்பார்களா, தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த மலையில் பயந்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடிதத்தின் அடியில் பயந்தவன் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். இதன் அடியிலும் எழுதுகிறேன்.

வரதராஜா