மஞ்சள் நிறத்துப் பால்

12.9.1991, வியாழன், இராஜபாளையம்

பிள்ளையை இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உடம்பெல்லாம் மஞ்சள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே கிடத்தியிருக்கிறார்கள். பால் கொடுக்க மட்டும் என் கைக்குத் தருகிறார்கள்.

மதினிமேல் ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா. பேறுகாலத்துக்குத் துணையாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சேத்தூருக்கு வந்தவர். பிள்ளை பிறந்ததிலிருந்து என் சீம்பாலைப் பீச்சி வாழை மூட்டில் ஊற்றியது அவர்தான். "பாலே மஞ்சளா வருது. இதக் குடிச்சா பிள்ளைக்குக் காமாலை வந்துரும்" என்று சீனித் தண்ணியைச் சங்கில் புகட்டினார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

நர்ஸம்மா பிள்ளையை மார்பில் சரியாகப் பிடித்து வைத்துக் காட்டினார். "அந்த மஞ்சப் பாலுதாம்மா மருந்து. அதக் குடிச்சிருந்தா மஞ்சள் வெளிக்கிப் போறதோடயே எறங்கியிருக்கும்" என்றார். மதினி கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்குள் அவரை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் துணி மடித்துக்கொண்டே அவரே கேட்டார்.

"ஏட்டி செல்வி, என் மூத்தவனும் பச்சப்பிள்ளையில காமாலையிலதான போனான். அவனுக்கும் இப்படித்தான் பீச்சிக் கீழ ஊத்துனேன். அப்பம் நாந்தானா..."

"தெரியல மதினி" என்றேன்.

மார்பு கட்டி வலிக்கிறது. கண் சொருகுகிறது. அடுத்த பாலுக்கு எழுப்பச் சொன்னேன்.

"நீ தூங்கு. எனக்கு எங்க உறக்கம் வரப்போவுது" என்றார்.