யானைக்கொட்டிலுக்கு வராத பணியாளன்

நலம் பொலிக. செங்கழுநீர் நாட்டை ஆளும் நரபதி வீரகேசரியார் கொலுவீற்றிருக்க, வலப்புறம் தளவாய் ஆதித்தப்பரும், இடப்புறம் அரச ஓலைகள் எழுதும் ஓலைநாயகம் மங்கைபாக எழுத்துடையாரும், வாயிலருகே ஆங்கிலம் அறிந்த துறைமுகத் துபாசி சவரிராயனும், ஈர வேட்டியோடு முத்துக்குளிப்போர் பதினொருவரும் நிற்க எழுதப்பட்ட ஓலை. மேல்மலைச் சீமையில் ஓலைநாயகத்தின் இளவல், எழுத்துடையார் குடித்தலைவர் உலகளந்தார் காண்க. உம் மலையில் மழை தவறாதிருக்கட்டும்; உம் வீட்டு எழுத்தாணிகள் துருவேறாதிருக்கட்டும்.

குடிக்கோயிலில் தமையனுக்குரிய முதல் மரியாதையை நிறுத்த நீர் எண்ணியிருப்பதாகச் செய்தி வந்தது. அதைச் செய்யுமுன் இங்கே நடந்ததை அறிக.

சென்ற திங்கள் புன்னைத்துறையில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பித்தான் மிளகு கேட்டு மன்னருக்குக் கடிதம் விடுத்தான். துபாசி படித்துச் சொன்னபடி, அதன் ஈற்றில் 'தங்கள் கீழ்ப்படிதல் மிக்க பணியாளன்' என்றிருந்தது. பணி கேட்டு எழுதுவோரை வெறுங்கையோடு விடுவது இந்த அவையின் வழக்கமன்று. ஆகவே ஓலைநாயகம் வெற்றிலையும் இரண்டு வேட்டியும் கொடுத்தனுப்பி, மறுநாள் விடியலில் யானைக்கொட்டிலில் வேலைக்கு வந்து சேரும்படி ஆணை எழுதினார். கப்பித்தான் சினந்து இந்தப் பதினொருவரையும் கப்பலில் பிடித்து வைத்து, ஆங்கிலத்தில் முறைப்படி வருத்தம் தெரிவித்து எழுதினாலன்றி விடேன் என்றான்.

பிழை தம் கையால் நேர்ந்ததால் திருத்துவதும் தம் கையே என்று ஓலைநாயகம் துபாசியிடம் அம்மொழியின் அடிப்படையைக் கேட்டறிந்தார். விந்தையான மொழி. வினைச்சொல் கடைசிவரை காத்திராமல் வரியின் நடுவிலேயே வந்து அமர்ந்துவிடுகிறது. மன்னரையும் மாடு மேய்ப்பவனையும் அழைக்க ஒரே சொல். 'நான்' என்பதை மட்டும் எங்கு வந்தாலும் பெரிய எழுத்தில் நிமிர்த்தி எழுதுகிறார்கள். இத்தனை நிமிர்ந்தவன் கடைசி வரியில் பணியாளன் ஆவதேன் என்று ஓலைநாயகம் மூன்று நாள் யோசித்தார்.

கடிதம் முடிந்ததும் அதே ஈற்று வரியை இடவேண்டும் என்றார் துபாசி. அரசருக்கன்றி எவருக்கும் தம் குடி 'அடியேன்' எழுதியதில்லை என்று ஓலைநாயகம் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது துபாசி கேட்டதைக் கேட்டபடியே வரைகிறோம்: "சண்டைக்குக் கூப்பிடுற கடுதாசியைக்கூட அவங்க இப்படித்தான் முடிப்பாங்க ஐயா. எழுதின கப்பித்தான் யானை லத்தி அள்ள வந்தாரா?" தளவாய் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார்.

ஓலைநாயகம் எழுதினார். 'நான்' என்ற எழுத்தைத் துபாசி காட்டியதினும் சற்று உயரமாகவே எழுதினார். இன்று காலை பதினொருவரும் கரையேறினர்.

இதற்கு அரச இலச்சினை இடப்பட்டது. சந்தை கூடும் நாளில் எல்லோர் காதிலும் விழப் படிப்பிக்கக் கடவீர். ஓலைநாயகம் வெள்ளையனுக்கு அடிமை எழுதிக் கொடுத்துக் கப்பலில் கால் பிடிக்கிறார் என்று அங்கே பேசுகிறார்களாம். அது பொய். அவர் கப்பலில் கால் வைக்கவே இல்லை. கப்பித்தானும் இன்றுவரை கொட்டிலுக்கு வரவில்லை.