மாட்டுச் சந்தை இல்லாத ஊர்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று சந்தை நாள். அப்பா ஏலம் கூவித் தொண்டை கம்மிப்போய் வந்தார். கன்றுகள் நல்ல விலைக்குப் போயினவாம், சந்தோஷமாக இருந்தார். சாப்பிடும்போது, "உன் வண்டி இன்னிக்குக் கூடுதலா ஓடியிருக்கே, கோரின்?" என்று அம்மாவிடம் கேட்டார். வண்டி எத்தனை மைல் ஓடியது என்று தினமும் மீட்டரைப் பார்ப்பார். "மிசஸ் குச்செராவை வீட்டுல விட்டேன். ரோடெல்லாம் ஐஸு" என்றாள் அம்மா. "நல்ல காரியம்" என்று உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அவர் கண்ணில் படாமல், கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளி விட்டதும் அம்மாவின் முடி வெட்டும் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கடைசி ஆள் எப்போதும் மிசஸ் குச்செராதான். தலையில் சுருள்களோடு, இரைகிற முடி உலர்த்திக்கு அடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

"மெதுவா, டோலோரஸ்" என்றாள் அம்மா.

"மெதுவாப் பேசினா எனக்கே கேக்காதுடி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, இல்லாட்டி நான் சொல்றேன்."

அம்மா கதவைப் பூட்டிவிட்டு வந்தாள். "நாம போறோம் கண்ணு. நீயும் நானும். அப்பாவுக்குத் தெரியாது."

நவம்பரில் அம்மா மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தாள். கத்திரிக்கோல் பிடித்து வந்த வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். சமையலறையில் அப்பா அந்தக் கையை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். மிசஸ் குச்செராவும் நம்பவில்லை போல.

எனக்கு முதலில் வந்த நினைப்பு என் முகத்தைப் பற்றித்தான். அப்பா மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். கூட்டத்தின் பின்வரிசையில் ஒருவன் இமையை அசைத்தால் அது விலை கேட்கிற இமையா, தூசி விழுந்த இமையா என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவர் தொழில். நான் தினமும் ராத்திரி அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பிப்ரவரி 15

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 2, ஞாயிறு

எந்த ஊருக்குப் போவது? அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் மாதிரி சின்ன ஊர் என்றால், ஞாயிறு தேவாலயத்தில் புது முகத்தைப் பார்த்து, திங்கள் காலை காப்பிக்குள் அது யார் பெண்டாட்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சிகாகோ, டென்வர் என்றால் வாடகை கட்டி மாளாது. நடுத்தரமான ஊர் வேண்டும். பேருந்து ஓடுகிற, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காத ஊர்.

இந்தப் பக்கத்து நடுத்தர ஊர்கள் எல்லாவற்றிலும் மாட்டுச் சந்தை இருக்கிறது. சந்தை இருந்தால் அப்பாவைத் தெரிந்த ஒருவராவது இருப்பார். சூ ஃபால்ஸ் வேண்டாம். அமரில்லோ வேண்டாம். பில்லிங்ஸ் வேண்டவே வேண்டாம், அங்கே ஏலப் போட்டியில் அவருக்குக் கோப்பையே கொடுத்திருக்கிறார்கள்.

போய்ப் பார்க்கவும் வழியில்லை. மீட்டர்.

மார்ச் 14, வெள்ளி

மிசஸ் குச்செரா தன் போனிலிருந்து ஊர் ஊராகக் கூப்பிடுகிறார். ஏதாவது ஒரு சலவைக் கடை, ஏதாவது ஒரு நூலகம். "என் தங்கச்சி பொண்ணு அங்க வரப்போறா" என்று ஆரம்பித்து, "உங்க ஊர்ல மாட்டுச் சந்தை உண்டா?" என்று முடிப்பார். முக்கால்வாசிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். ஒரு ஊரில் ஒரு பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "மாடா? எங்க ஊர்ல மாட்டைப் பாத்தா டிவியில போடுவாங்க பாட்டி." பிறகு பேருந்து, பள்ளிக்கூடம், பனி என்று வெகுநேரம் பேசினாளாம்.

அம்மாவுக்கு நாக்ஸ்வில்தான் பிடித்திருக்கிறது. முடி வெட்டும் லைசென்ஸை அங்கே சிரமமில்லாமல் மாற்றித் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

அலமாரிக்குள், இருட்டில் எழுதுகிறேன். கிறுக்கலாகத்தான் வரும்.

சாப்பாட்டின் நடுவில் அப்பா, "என்னடி மாரென், பின்வரிசையில உக்காந்து ஏலம் கேக்கறவன் மாதிரி கண்ணு ஓடுது. என்ன வாங்கப் போற?"

"ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு அறிவியல் பரீட்சை."

"உங்கம்மா கண்ணும் அப்படித்தான் ஓடுது. ரெண்டு பேரும் ஒரே மாட்டைக் கேக்கறீங்களோ?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நாங்கள் நிறுத்திய பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஆணியில் தொங்கிய அம்மாவின் வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "டயர் தேஞ்சிருக்கு. மாத்தற வரைக்கும் நானே கொண்டு விடறேன்."

டயர் தேயவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளி நூலகக் கணினியில் சும்மா அம்மாவின் பெயரைத் தட்டினேன். மாநில அரசின் பக்கம் வந்தது. முடி வெட்ட அனுமதி பெற்றவர், பெயர், கடை, ஊர், எல்லாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாக்ஸ்வில் இருக்கும் டென்னசி மாநிலத்தின் பக்கத்துக்குப் போனேன். அங்கும் அப்படித்தான்.

அப்படியானால் நாக்ஸ்வில் போனாலும் — அப்பா அம்மாவின் பெயரைத் தட்டினால் போதுமே.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் போகவே வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஒரு நொடி அந்த நினைப்பு நன்றாகவும் இருந்தது. ஏன் அப்படி?

ஏப்ரல் 8

சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சொன்னேன். அம்மா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே கேட்டாள். மூலை வரை கூட்டி முடித்தாள்.

"அப்ப முடி வெட்ட வேண்டாம்."

"பதினேழு வயசுல கத்திரியப் பிடிச்சவடி நீ" என்றார் மிசஸ் குச்செரா.

"பாத்திரம் கழுவறேன். லைசென்ஸ் கேக்க மாட்டாங்க."

"என் தலைய இனி யாரு பாப்பா?"

"இப்ப உனக்கு அதான் கவலையா, டோலோரஸ்?"

"வேற எதைச் சொல்லி அழறது நான்?"

உலர்த்தி இரைந்துகொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். "லைசென்ஸே வேண்டாம்னா எந்த ஊரும் சரிதான். நீ சொல்லு." யோசிக்காமல், மாடு என்றதும் சிரித்த பெண்ணின் ஊரைச் சொன்னேன். அவ்வளவுதான் காரணம். அது போதுமா? இப்போது படுத்தால் தூக்கம் வரவில்லை. அங்கே எல்லோரும் அவளைப் போலவா இருப்பார்கள்?

ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மே 6, செவ்வாய்

பேருந்தில் எழுதுகிறேன். வெளியே இருட்டு.

காலையில் அப்பா அம்மாவைக் கடையில் இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போனார். பின்வாசலில் மிசஸ் குச்செராவின் வண்டி நின்றது. நான் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஏறிக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பை.

ஏலத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். அம்மா அதை மிசஸ் குச்செராவின் போனில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று புரியாமல் பார்த்தேன். "இந்தக் குரல் ஓடற வரைக்கும் அவர் மேடையிலதான் இருக்கார்" என்றாள். இத்தனை நாள் அந்தக் குரலுக்குப் பயந்தோம். இன்று அது நிற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போனோம். கிடாரிகள், காளைகள், தாயும் கன்றுமாக ஜோடிகள். அப்பா மூச்சு விடாமல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஏலம் விடுகிறார். எப்போதுமே நன்றாகத்தான் விடுவார்.

ஆறு தாண்டி அடுத்த மாநிலமான அயோவாவுக்குள் போனதும் குரல் நின்றது. அம்மா என் கையைப் பிடித்தாள். யாரோ அறிவித்தார்கள்: சாப்பாட்டு இடைவேளை.

"இன்னும் வேகமாப் போ, டோலோரஸ்."

"என் வயசுக்கு இதான் வேகம்" என்றார். ஆனால் மிதித்தார்.

பேருந்து நிலையத்தில் அம்மா மிசஸ் குச்செராவின் தலைமுடியை விரலாலேயே ஒருமுறை சரிசெய்துவிட்டு ஏறினாள்.

மே 19, திங்கள்

புதுப் பள்ளி. எந்த ஊர் என்று கேட்டார்கள். வேறு ஒரு மாநிலத்தைச் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மே 28

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். எதிர்வீட்டு ஆள்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கையெல்லாம் சோப்பில் வெடித்திருக்கிறது.

இன்று மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி போய்க் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். கீழ்வீட்டுப் பெண். எங்களுக்கு வந்த பொட்டலம் தவறிப்போய் அவள் வாசலில் கிடந்ததாம். இருவரும் அங்கேயே நின்று வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

அவள் போன பிறகு நான் கத்தினேன். "யாருன்னு கேக்காம திறக்கறே. சங்கிலியாவது போட்டுட்டுத் திறக்கக் கூடாதா?"

அம்மா சங்கிலியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"மறந்துட்டேன்டி" என்றாள்.

மறந்துவிட்டாளாம்.